பி-கேட் போய்விட்டது, ஆர்கானிக் போகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலை படிக்கும் நம் பிள்ளைகளில் பலர், மருத்துவம் கிடைக்காவிட்டால் ஃபார்மசி என்ற கணக்கில் முதலாண்டைக் கடத்துகிறார்கள். வீட்டுப் பெரியவர்களும், "இப்போது நுழைவுத் தேர்வுகூட இல்லையாமே, விண்ணப்பம் போட்டால் இடம் தந்துவிடுகிறார்களாம்" என்று தைரியம் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பி ஏமாந்துபோகும் பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கடிதம். தங்கள் கல்விப் பகுதியில் இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

முதலில் உண்மையான பாதி. 1974 முதல் நடந்துவந்த பி-கேட் என்ற ஃபார்மசி நுழைவுத் தேர்வு 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது. மருந்தாளுநர் பட்டமான ஃபார்ம்.டி. தரும் பள்ளிகள் நாடெங்கும் 140 அளவில் இருக்கின்றன. விண்ணப்பிப்போர் எண்ணிக்கையோ பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்குமுகம். எனவே கதவு முன்னைவிட அகலமாகத் திறந்திருக்கிறது.

உள்ளே இருக்கும் படிப்பு மட்டும் இலேசாகவில்லை. நான்காண்டு ஃபார்ம்.டி. முடித்தபின் நேப்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வைத் தாண்டாமல் யாரும் மருந்தாளுநராக வேலை பார்க்க முடியாது. அதை முதல் முறை எழுதியோரில் தேறியவர்கள் 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலுமே 80 சதவீதத்தைத் தொடவில்லை. பி-கேட் இருந்த காலத்தில், வேதியியலில் பலவீனமான மாணவரை அந்தத் தேர்வே இரண்டாம் ஆண்டில் எச்சரித்துவிடும். இப்போது அந்த எச்சரிக்கை மணி இல்லை. கடன் வாங்கிச் சேர்ந்து, முதலாண்டு மருந்து வேதியியல் தாளில் தோற்ற பிறகுதான் தெரியவருகிறது. ஆகவே இளநிலைக் காலத் தயாரிப்பு என்பதை இடம் பிடிக்கிற வேலையாகப் பார்க்காமல், உள்ளே போனபின் தாக்குப்பிடிக்கிற வேலையாகப் பார்க்க வேண்டும்.

தயாரிப்பின் எலும்புக்கூடு, முன்தேவைப் பாடங்கள். பெரும்பாலான பள்ளிகள் கேட்பவை இவை: பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், ஆர்கானிக் எனப்படும் கரிம வேதியியல் இரண்டு செமஸ்டர், பொது உயிரியல் இரண்டு செமஸ்டர், எல்லாம் லேபோடு, ஒவ்வொன்றும் 8 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) அளவில். லேபோடு நுண்ணுயிரியல், உடற்கூறியலும் உடலியங்கியலும், கால்குலஸ், புள்ளியியல், ஆங்கிலக் கட்டுரை, மேடைப்பேச்சு, பொருளியல், உளவியல் அல்லது சமூகவியல். உயிர்வேதியியலையும் இயற்பியலையும் சில பள்ளிகள் கேட்கும், சில கேட்காது. இளநிலைப் பட்டம் முடித்திருக்க வேண்டும் என்று சில பள்ளிகள் சொல்கின்றன. பல பள்ளிகளுக்கு இந்தப் பாடங்கள் முடிந்தாலே போதும். அதனால்தான் இரண்டாண்டில் முடித்துவிடலாம் என்ற பேச்சு வருகிறது.

அந்த இரண்டாண்டுக் கணக்கில்தான் முதல் சறுக்கல். பொது வேதியியல் ஒன்று, இரண்டு, ஆர்கானிக் ஒன்று, இரண்டு, பிறகு (கேட்கும் பள்ளிகளுக்கு) உயிர்வேதியியல் என்று ஐந்து பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் கோத்திருக்கின்றன. ஒன்று முடியாமல் அடுத்ததில் உட்கார விடமாட்டார்கள். இரண்டாண்டு என்பது நான்கு செமஸ்டர். ஐந்து கண்ணியை நான்கு செமஸ்டருக்குள் அடைக்க வேண்டுமானால் ஒரு கோடை விடுமுறையை இதற்குக் கொடுத்தாக வேண்டும். சேரும் நாளிலேயே இதைத் தாளில் எழுதிப் பார்க்காதவர்கள், நான்காம் செமஸ்டரில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

சங்கிலியின் முதல் கண்ணி, பலர் நினைப்பதுபோல் பொது வேதியியல்கூட இல்லை. எந்தக் கணித வகுப்பில் போடுவது என்று முடிவுசெய்ய, கல்லூரி திறக்கும் முன் எழுதச் சொல்கிற கணிதப் பிளேஸ்மென்ட் தேர்வு. சேர்ந்தாகிவிட்டது, இனி இதற்கென்ன என்று ஜூலை மாதத்தில் தூக்கக் கலக்கத்தோடு எழுதிவிடுவார்கள். மதிப்பெண் குறைந்தால் அடிப்படை இயற்கணிதத்தில் போட்டுவிடுவார்கள். பல கல்லூரிகளில் அதை முடிக்காமல் பொது வேதியியல் ஒன்று எடுக்க முடியாது. பொது வேதியியல் ஜனவரிக்குத் தள்ளிப்போகும். அதன் இரண்டாம் பகுதி அடுத்த ஜனவரியில்தான் நடக்குமென்றால் ஓர் ஆண்டு போயிற்று. இந்தத் தேர்வுக்கு முன் மடக்கைகள், அடுக்குக்குறி விதிகள், விகிதச் சமன்பாடுகள் மூன்றையும் இரண்டு வாரம் போட்டுப் பார்த்தால் போதும்.

உடற்கூறியலில் வேறொரு சிக்கல். இரண்டு பகுதியாக நடத்தும் கல்லூரிகளில், எந்த உறுப்பு மண்டலம் எந்தப் பகுதியில் வரும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். முதல் பகுதியை ஒரு கல்லூரியிலும் இரண்டாம் பகுதியைக் கோடையில் வேறொரு கல்லூரியிலும் எடுத்தால், நரம்பு மண்டலத்தை இருமுறை படித்து நாளமில்லாச் சுரப்பிகளைப் படிக்காமலே விட்டுவிட நேரலாம். சில பள்ளிகள் அந்தக் கலவையை ஏற்பதுமில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் முடிப்பது நல்லது.

மதிப்பெண் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. முன்தேவைப் பாடத்தில் குறைந்தது சி வேண்டும் என்பது பரவலான விதி. சி மைனஸ் பல இடங்களில் சி ஆகாது. 'பாஸ்' என்று மட்டும் பதிவாகும் பாடத்தையும் பலர் ஏற்கமாட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் படித்த ஏ.பி. எனப்படும் கல்லூரி நிலைப் பாடத்துக்குக் கிரெடிட் கிடைத்திருந்தால், அது உங்கள் கல்லூரிக்குச் செல்லும் என்பதாலேயே ஃபார்மசி பள்ளிக்கும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. சில பள்ளிகள் அறிவியல் பாடங்களுக்கு வயது வரம்பும் வைத்திருக்கின்றன. இத்தனை ஆண்டுக்கு முன் படித்தது செல்லாது என்பார்கள். வேலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் இதில் மாட்டுவார்கள்.

இதற்கெல்லாம் மருந்து ஒரு சாதாரண அட்டவணை. சேர நினைக்கும் ஆறேழு பள்ளிகளைத் தலைப்பில் எழுதுங்கள். பாடங்களை இடப்பக்கம் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கிரெடிட், லேப் வேண்டுமா, இணையவழி லேப் செல்லுமா, குறைந்தபட்ச மதிப்பெண் என்ன என்று நிரப்புங்கள். சந்தேகமானால் அந்தப் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்குப் பாடவிளக்கத்தை இணைத்து மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் யாரோ "சரி, செல்லும்" என்று சொன்னது பின்னால் உதவாது. இளநிலைக் கல்லூரியின் ஆலோசகர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அவருக்குத் தெரிந்தது அவர் கல்லூரியின் பட்ட விதிகள். ஃபார்மசி பள்ளிகளின் பட்டியலை மாணவர்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண். பள்ளிகள் பெரும்பாலும் ஃபார்ம்கேஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகத்தான் மாணவரைச் சேர்க்கின்றன. அமெரிக்க மருந்தியல் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் தளம் அது. அங்கே மதிப்பெண்ணைத் தாங்களே புதிதாகக் கணக்கிடுகிறார்கள். உங்கள் கல்லூரியில் 4 கிரெடிட் பாடம் ஒன்றில் டி வாங்கி, திரும்ப எடுத்து ஏ வாங்கினால், பழையதை அழித்துவிட்டு 4.0 என்று கல்லூரி காட்டலாம். ஃபார்ம்கேஸ் இரண்டையும் சேர்த்து (ஏ என்றால் 4, டி என்றால் 1) 8 கிரெடிட்டுக்கு 2.5 என்றுதான் போடும். கல்லூரித் தாளில் 3.4 என்று பார்த்துப் பழகியவர்கள் தளத்தில் 3.0 பார்த்து அதிர்வது இதனால்தான். படிப்பாண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் நடக்கும் கல்லூரியானால் ஒவ்வொரு கிரெடிட்டும் 0.667 ஆல் பெருக்கப்படும். 5 குவார்ட்டர் கிரெடிட் என்பது சுமார் 3.3 செமஸ்டர் கிரெடிட். 4 வேண்டும் என்கிற பள்ளிக்கு அது பற்றாது. மூன்று குவார்ட்டரும் சேர்ந்த முழுத் தொடரை முடித்தால் 10 வரும், போதும்.

ஒரு பாடம் கையைவிட்டுப் போகிறதென்று ஆறாவது வாரத்தில் தெரிந்தால், டி வாங்கித் திரும்ப எடுப்பதைவிடக் கெடு முடியும் முன் விலகுவது மேல். தாளில் விலகியதைக் காட்டும் ஒரு 'டபிள்யூ' இருப்பது பெரிய குற்றமாகாது. ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒன்று இருந்தால் நேர்காணலில் கேட்பார்கள்.

இப்போது ஆர்கானிக். மாணவர்கள் அதிகம் விழுகிற இடம் இதுதான். விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. வினைகளைக் கார்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். முதல் தேர்வுக்கு 15 வினை, மனப்பாடம் தாங்கும். மூன்றாவது தேர்வுக்கு எழுபது எண்பது ஆனதும் சரிந்துவிடும். எலக்ட்ரான் எங்கே மிகுதி, எங்கே குறைவு, அதன் நகர்வைக் காட்டும் அம்பு எங்கிருந்து எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு வினைக்கும் வெற்றுத் தாளில் பேனாவால் வரைந்து பழகியவர்களுக்கு எண்பதும் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். விடையைப் பார்த்துத் தலையாட்டுவதற்கும் பார்க்காமல் வரைவதற்கும் உள்ள தூரம் தேர்வறையில்தான் தெரியும். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் என்று வரைவது, தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்க விழிப்பதைவிடப் பல மடங்கு பலன் தரும்.

மருந்தாளுநருக்கு ஆர்கானிக் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பழைய அஸ்பிரின் குப்பி ஒன்றைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடிக்கும். காற்றின் ஈரம் அஸ்பிரினில் உள்ள எஸ்டர் பிணைப்பை உடைத்து அசிட்டிக் அமிலத்தையும் சாலிசிலிக் அமிலத்தையும் பிரித்திருக்கும். ஆர்கானிக் இரண்டில் எஸ்டர் நீராற்பகுப்பு என்று படிப்பது இதைத்தான். குளியலறை அலமாரியில் மருந்து வைக்காதீர்கள் என்று நோயாளியிடம் சொல்லும்போது, சொல்பவருக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டாமா? பெனிசிலினின் நான்கு அணு வளையம் ஏன் அத்தனை எளிதில் உடைகிறது, காரத்தன்மையுள்ள மருந்து வயிற்றில் ஏன் சரியாக உறிஞ்சப்படுவதில்லை என்பதெல்லாம் இந்த அம்புகளிலிருந்து தொடங்குபவைதான்.

கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால்குலஸில் ஏ வாங்கியவர்கள்கூட ஃபார்மசி கணக்கில் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அலகுகளை எழுதுவதில்லை. பயிற்சிக்காக ஒன்று. குழந்தையின் எடை 40 பவுண்டு. அமாக்ஸிசிலின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 90 மில்லிகிராம், இரண்டு வேளையாக. கையிலிருக்கும் திரவ மருந்தில் 5 மில்லிலிட்டருக்கு 400 மில்லிகிராம். 40 பவுண்டு என்பது சுமார் 18 கிலோ. 18ஐ 90ஆல் பெருக்கினால் 1,620. வேளைக்கு 810 மில்லிகிராம். 400க்கு 5 மில்லிலிட்டர் என்றால் 810க்குச் சுமார் 10 மில்லிலிட்டர். பவுண்டைக் கிலோ என்று எடுத்துக்கொண்டவருக்கு வேளைக்கு 22.5 மில்லிலிட்டர் வரும், இரண்டு மடங்குக்கு மேல். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதி, மேலும் கீழும் அடித்துக்கொண்டே வருகிறவர் இந்தத் தவறைச் செய்யவே முடியாது. பொது வேதியியல் முதல் வாரத்தில் சொல்லித்தரும் முறைதான் இது. சின்ன விஷயம் என்று அன்று தாண்டிவிடுகிறார்கள்.

அனுபவம் என்ற தலைப்புக்கு வருகிறேன். மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ வேலை பார்த்திருக்க வேண்டும் என்று எல்லாப் பள்ளியும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் பார்க்காமல் போகாதீர்கள். காரணம் விண்ணப்பத்தைவிடப் பெரியது. நாள் முழுக்க நின்றபடி, மணி அடிக்கும் தொலைபேசிக்கும் பொறுமையிழந்த வரிசைக்கும் நடுவில் தவறில்லாமல் வேலை செய்வது நமக்கு ஒத்துவருமா என்பதை வேறெங்கும் அறிய முடியாது.

முதலாண்டு முடிந்த கோடையில் ஃபார்மசி டெக்னீஷியனாகச் சேர்வது நல்ல வழி. மாநில மருந்தியல் வாரியத்தில் பதிவு வேண்டுமா, பயிற்சி வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. முதலில் அந்த வாரியத்தின் தளத்தைப் பாருங்கள். பி.டி.சி.இ. என்ற சான்றிதழ்த் தேர்வு எழுதுவதும் நல்லது. 90 கேள்விகள், அவற்றில் 80க்குத்தான் மதிப்பெண். நேரம் 1 மணி 50 நிமிடம். கட்டணம் 129 டாலர். 1,000 முதல் 1,600 வரையிலான அளவில் 1,400 எடுத்தால் தேர்ச்சி. அதிகம் விற்கும் 200 மருந்துகளின் பொதுப்பெயர், வணிகப்பெயர், எதற்குத் தருகிறார்கள் என்ற மூன்றும் இந்தத் தேர்வுக்காகப் படிக்கும்போதே மனதில் பதிந்துவிடும். ஃபார்ம்.டி. முதலாண்டில் அது பெரிய முதல்.

வேலையில் என்ன பார்ப்பது? அலமாரியில் ஹைட்ராக்ஸிசினும் ஹைட்ராலசினும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று அரிப்புக்கும் பதற்றத்துக்கும், மற்றது ரத்த அழுத்தத்துக்கு. இரண்டிலும் 10, 25, 50 மில்லிகிராம் மாத்திரை உண்டு. பெயரில் சில எழுத்துகளை மட்டும் ஏன் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள், எடுத்தபின் ஏன் பார்கோடு காட்டச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். லெவோதைராக்ஸின் 25 மைக்ரோகிராம் என்பது 0.025 மில்லிகிராம். சீட்டில் 0.25 என்று விழுந்தால் பத்து மடங்கு. டப்பாவில் மருந்தை அடையாளம் காட்டும் என்.டி.சி. எண் பத்து இலக்கம், இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும்போது பதினொன்று. ஐந்து, நான்கு, இரண்டு என்ற மூன்று பகுதியில் எது ஓர் இலக்கம் குறைகிறதோ அதன் முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். இடம் மாற்றிச் சேர்த்தால் கோரிக்கை திரும்பிவரும், நோயாளி காத்திருப்பார். இப்படிப் பார்த்தவற்றைத் தினம் நான்கு வரி குறித்துவையுங்கள். நோயாளியின் பெயரோ அடையாளமோ அதில் வரவே கூடாது. விண்ணப்பக் கட்டுரைக்கும் நேர்காணலுக்கும் இந்தக் குறிப்பேடுதான் சோறு போடும்.

எச்சரிக்கை ஒன்று. படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் போதும். ஆள் பற்றாக்குறை என்று கடையில் 25 மணி நேரம் கேட்பார்கள். கைக்குப் பணம் வரும், ஆர்கானிக் இரண்டில் சி மைனஸும் வரும்.

விண்ணப்பத்துக்கு வருவோம். ஃபார்ம்கேஸ் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை நடுவில் திறக்கும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சேர்வதற்கான விண்ணப்பம் அது. கடைசி நாள் பள்ளிக்குப் பள்ளி வேறு. ஆனால் பல பள்ளிகள் வரவர நேர்காணலுக்கு அழைத்து இடங்களை நிரப்பிக்கொண்டே போகும். செப்டம்பர் விண்ணப்பத்துக்கும் கடைசி வார விண்ணப்பத்துக்கும் இடத்திலும் உதவித்தொகையிலும் வித்தியாசம் இருக்கும்.

தாமதம் பெரும்பாலும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் தாளில் நேர்கிறது. படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் பதிவாளர் அலுவலகமே ஃபார்ம்கேஸுக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். மாணவர் கையால் அனுப்பியது செல்லாது. ஒவ்வொரு கல்லூரி என்றால் உண்மையாகவே ஒவ்வொன்றும்: உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக் கிரெடிட்டுக்காக எடுத்த ஒரே ஒரு பாடம், ஒரு கோடையில் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் எடுத்த புள்ளியியல், பாதியில் விலகிய வகுப்பு, எல்லாவற்றுக்கும் தனித்தனி டிரான்ஸ்கிரிப்ட். கிரெடிட் இப்போதைய கல்லூரித் தாளில் ஏறிவிட்டதே என்பது பதிலாகாது. பாக்கிக் கட்டணம் ஏதேனும் இருந்தால் பழைய கல்லூரி தாளை நிறுத்திவைக்கலாம். நூலக அபராதமாக இருந்தாலும் மே மாதத்திலேயே கட்டிவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு பாடத்தையும் தலைப்பு, எண், கிரெடிட், மதிப்பெண் என்று மாணவரே தட்டச்சு செய்ய வேண்டும். டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஞாபகத்தில் செய்யாதீர்கள். தாளில் லேப் தனி வரியாக இருந்தால் இங்கும் தனி வரி. தாளும் பதிவும் பொருந்தவில்லையென்றால் விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பிவரும், வாரக்கணக்கில் நாள் போகும்.

பரிந்துரைக் கடிதம் நான்கு வரை போடலாம். அறிவியல் பேராசிரியர் ஒருவரும், வேலை பார்த்ததைக் கண்ட மருந்தாளுநர் ஒருவரும் அவசியம். உறவினர், குடும்ப நண்பர் கடிதங்களைப் பள்ளிகள் ஏற்பதில்லை. சித்தப்பா மருந்தாளுநராக இருந்தாலும் அவரிடம் வேலையைப் பார்க்கப் போகலாம், கடிதம் வாங்க முடியாது. 300 பேர் வகுப்பில் ஏ வாங்கியதைத் தவிர வேறெதுவும் தெரியாத பேராசிரியரின் கடிதம் இரண்டு வரியில் முடிந்துவிடும். செமஸ்டர் நடக்கும்போதே அவருடைய அலுவலக நேரத்துக்கு ஆறேழு முறை கேள்வியோடு போயிருக்க வேண்டும். கடிதத்தைப் பின்னால் படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற கட்டத்தில் 'ஆம்' என்று போடுங்கள். மாணவர் படிக்கக்கூடிய கடிதத்தை யாரும் முழுதாக நம்புவதில்லை.

கட்டுரைக்கு இடம் 4,500 எழுத்துக்குறி, இடைவெளியும் சேர்த்து. சுமார் ஒரு பக்கம். பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுத்ததிலிருந்து இந்த ஆசை வந்தது என்று தொடங்கும் கட்டுரைகளைத் தேர்வுக் குழுவினர் கட்டுக்கட்டாகப் படிக்கிறார்கள். அந்தப் பாசம் பொய்யில்லை. ஆனால் அது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். இன்ஷூரன்ஸ் மறுத்த இன்சுலினுக்காக மருந்தாளுநர் மருத்துவரை எத்தனை முறை அழைத்தார், கடைசியில் எதை மாற்றினார்கள், அதைப் பார்த்து உங்களுக்கு என்ன புரிந்தது என்று எழுதுங்கள். வேறொருவர் எழுத முடியாதது அதுதான். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதி வாங்கினால், நேர்காணலில் அதே வரியைப் பற்றிக் கேட்கும்போது வாய் அடைத்துப்போகும்.

நேர்காணல் பல பள்ளிகளில் எம்.எம்.ஐ. முறையில் நடக்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. வரிசையாகச் சில அறைகள். வாசலில் ஒரு சூழ்நிலை எழுதியிருக்கும், படிக்க இரண்டு நிமிடம், உள்ளே போய்ப் பேச ஐந்து முதல் எட்டு நிமிடம். உதாரணமாக, தூக்க மாத்திரை வாங்கும் ஒருவர் வெளியூர் போகிறேன் என்று பத்து நாள் முன்னதாகவே கேட்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? "சட்டப்படி முடியாது" என்று உடனே அறிவுரை சொல்பவரும் "பாவம், கொடுத்துவிடுவேன்" என்பவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள், இருவருமே அவரிடம் எதையும் கேட்கவில்லை. எப்போது கிளம்புகிறார், எத்தனை மாத்திரை மீதி, பழைய பதிவு என்ன சொல்கிறது, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பதிவேட்டில் வேறு கடை தெரிகிறதா, மருத்துவரை அழைக்கலாமா என்று யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்த பதில் இங்கே இரண்டாவது நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு நண்பரையும் ஒரு கடிகாரத்தையும் வைத்து இருபது சூழ்நிலை பேசிப் பழகுங்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்பவர்களுக்கு முதல் வாக்கியம் வருவதற்குத்தான் நேரமாகும். அதை மட்டும் வாசலில் நிற்கும்போதே தயார் செய்துகொள்ளலாம்.

இடம் கிடைத்தபின் பார்க்க வேண்டியதைப் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் கையெழுத்தும் பணமும் அவர்களுடையது. ஒவ்வொரு பள்ளியின் நேப்ளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தையும் மருந்தியல் வாரியங்களின் தேசியச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஓர் ஆண்டை மட்டும் பார்க்காமல் மூன்றாண்டு வரிசையைப் பாருங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் பட்டம் பெற்றார்கள் என்று கேளுங்கள். தேர்ச்சி விகிதம் அழகாகத் தெரிந்து, பாதிப் பேர் வழியிலேயே நின்றுபோன பள்ளியும் இருக்கலாம். ஃபார்மசி படிப்புகளுக்குத் தரப்படும் ஏ.சி.பி.இ. அங்கீகாரம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். புதிய பள்ளிக்கு முதலில் முன்வேட்பு நிலை, பிறகு வேட்பு நிலை, முதல் அணி பட்டம் பெற்றபின் முழு அங்கீகாரம் என்று படிப்படியாக ஏறும். கடன் விதியும் மாறியிருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற கூட்டாட்சிக் கடன் கிடையாது. தொழிற்பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்பது வரம்பு. கட்டணத்தோடு வாடகையும் சேர்த்தால் தாண்டிவிடும் பள்ளிகள் உண்டு. மீதியைத் தனியார் வங்கியில் வாங்க நேர்ந்தால் வட்டியும் ஜாமீனும் வேறு கதை.

கடைசியாக, தமிழ்நாட்டில் பி.ஃபார்ம். படித்துவிட்டு அமெரிக்காவில் மருந்தாளுநராக நினைப்பவர்களுக்கு. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழுக்கு, 2003 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பட்டம் பெற்றவர்கள் ஐந்தாண்டுப் படிப்பு முடித்திருக்க வேண்டும். நான்காண்டு பி.ஃபார்ம். அதற்குப் போதாது. இந்தியாவில் 2008 விதிகளின்படி வந்த ஆறாண்டு ஃபார்ம்.டி. போதும். பி.ஃபார்ம். மட்டும் முடித்தவர்கள் அங்கே உரிமம் பெறப் பெரும்பாலும் அமெரிக்க ஃபார்ம்.டி. படிக்க வேண்டியிருக்கும், அதற்கும் மேலே சொன்ன அட்டவணைதான். இந்தியப் பாடங்களை மதிப்பீட்டு நிறுவனம் மூலம் மாற்றினாலும் ஆங்கிலக் கட்டுரை, மேடைப்பேச்சு போன்றவற்றைப் பல பள்ளிகள் அமெரிக்கக் கல்லூரியிலேயே எடுக்கச் சொல்லும். மருந்தாக்கவியலில் எம்.எஸ். முடித்தால் ஆய்வகத்திலும் மருந்து நிறுவனத்திலும் நல்ல வேலை கிடைக்கலாம். ஆனால் அந்த எம்.எஸ்.ஸை வைத்து உரிமத் தேர்வு எழுத முடியாது. எம்.எஸ். சேர்த்துவிட்டால் மருந்தாளுநர் ஆகிவிடலாம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் முகவர்களிடம், எந்த மாநில வாரியத்தின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தபிறகு பணத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்